தலையணைக் கணக்கு

நான் அதிர்ந்து பேசாத ஆள் சார். வேண்டுமானால் எங்கள் அலுவலகத்துக்குக் கீழே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவரைக் கேளுங்கள். செருப்புச் சத்தம் கேட்காமல் மாடிப்படி ஏறுகிற ஒரே மனுஷன் நான்தான் என்பார். இணையத்தில் யாரையோ நடுரோட்டில் நிற்க வைத்து அறைய வேண்டும் என்று எழுதியது நான் இல்லை, ஓய்வுபெற்ற ராணுவ வீரர். அவர் கொஞ்சம் முன்கோபி.

அவரை உண்டாக்கியது நான் என்பது வேறு விஷயம்.

எங்கள் வேலை என்னவோ பெரிய சதி என்று பேசிக்கொள்கிறார்கள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. ஊரே கூடிப் பேசும் அந்த விவாதத் தளத்தில் யார் எதை எழுதினாலும் மேலே தூக்க ஒரு ஓட்டு, கீழே தள்ள ஒரு ஓட்டு. முதல் அரைமணி நேரத்துக்குள் கீழே தள்ளிவிட்டால் அது கிணற்றில் போட்ட கல்தான், அப்புறம் யார் கண்ணிலும் படாது. அதற்காக அலமாரித் தட்டுகளில் வரிசையாகப் போன்கள். போனுக்குள் மூன்று பிள்ளைகளின் தாய், வெளிநாட்டில் வாடும் பொறியாளர், நாட்டை நினைத்தால் தொண்டை அடைக்கும் கல்லூரி மாணவி. எல்லாருக்கும் சேர்த்து நாங்கள் ஆறேழு பேர். காலையில் முதலாளி வந்து இன்றைக்கு நாட்டுக்கு யார் எதிரி என்று சொல்லுவார். டீ வருவதற்குள் எங்களுக்கு ரத்தம் கொதித்துவிடும். மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஆறிவிடும். நாட்டுப்பற்றுக்கும் பசிக்கும் அல்லவா?

அன்றைக்கு வந்த எதிரி ஒரு ஜோடி பூட்ஸ். பனிமலை எல்லைக்குப் போகும் ராணுவ பூட்ஸ் செய்யும் தொழிற்சாலையிலிருந்து, ‘ஊசிநூல்’ என்ற புனைபெயரில் ஒரு பெண் எழுதியிருந்தாள். மலிவான பசை மாற்றியிருக்கிறார்கள், ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் அடிப்பாகம் வாயைப் பிளக்கிறது, இதைப் போட்டுக்கொண்டு பனியில் நிற்கும் பிள்ளைகளின் கால் என்னாவது என்று கேட்டிருந்தாள். கூடவே ஒரு படம். ஃப்ரீசர் தட்டில் பூட்ஸ், திறந்த கதவில் ஒரு கிளி ஸ்டிக்கர்.

அந்த ஃப்ரிட்ஜை அக்கா வீட்டு மாடிக்கு முதுகில் சுமந்து ஏற்றியவன் நான். கதவில் அந்தக் கிளி ஸ்டிக்கரை ஒட்டியவள் அக்காவின் சின்ன மகள்.

முதலாளி பின்னால் வந்து நின்றார். “என்னப்பா அப்படியே ஒக்காந்துட்ட, தெரிஞ்சவங்களா?”

“இல்ல சார். யாரை மொதல்ல எறக்கலாம்னு பாக்குறேன்.”

ராணுவ வீரரை இறக்கினேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அக்கா மேல்தான் கோபம். நாட்டுப் பாதுகாப்பு விஷயத்தை நாலு பேர் பார்க்கிற இடத்தில் எழுதலாமா? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? தவிரவும், வேறு யார் செய்தாலும் வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். கூடப்பிறந்தவன் திட்டினால் அளவோடு இருக்கும் பாருங்கள். எதிரி நாட்டின் கைக்கூலி என்பதோடு நிறுத்திக்கொண்டேன். நடத்தையைப் பற்றி எழுதியதெல்லாம் பக்கத்து மேசைக்காரன்.

ஆனால் தள்ளினால் மட்டும் போதாது. எழுதியது யார், அவளுக்குப் பூட்ஸ் எடுத்துக் கொடுத்தது யார் என்று தொழிற்சாலைக்காரருக்குத் தெரிய வேண்டும். அவர்தான் எங்கள் நாட்டுப்பற்றுக்குச் சம்பளம் கொடுப்பவர். இதற்கென்று ஒரு முறை வைத்திருக்கிறோம். எல்லாரும் அடிக்கும்போது ஒரு கணக்கு மட்டும் பரிந்து பேசும். தனியே அழைத்து ஆறுதல் சொல்லும். அடிபட்டவர் அதன்மேல் தலையைச் சாய்த்து எல்லாவற்றையும் கொட்டிவிடுவார். தலையணை என்போம். எங்கள் தலையணை, கணவனை இழந்த ஒரு டீச்சர். எனக்குக் கொஞ்சம் இரக்க சுபாவம் என்பதால் எப்போதும் நான்தான் எழுதுவேன்.

அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். பசை போடும் பிரிவில் வேலை பார்ப்பவர்தான் பூட்ஸை வெளியே கொண்டுவந்தார் என்று பெயரோடு சொன்னாள். அவரைப் பசை அண்ணன் என்று தான் மட்டும் விளையாட்டாகக் கூப்பிடுவதாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, “என் தம்பிகிட்ட சொல்லட்டுமா டீச்சர்? அவன் கம்ப்யூட்டர் வேலைதான் பாக்குறான், ஏதாச்சும் வழி சொல்லுவான்” என்று கேட்டாள்.

“வேண்டாம்மா. இந்த நேரத்துல கூடப்பிறந்தவங்களைக்கூட நம்பிடாதீங்க” என்று எழுதினேன். அதைவிட நேர்மையான அறிவுரையை யார் கொடுத்திருப்பார்கள் சொல்லுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

“என்னக்கா, ஒரு மாதிரியா இருக்க?”

“ஒண்ணுமில்லடா, தலைவலி. நீ நல்லா போட்டுச் சாப்பிடு.”

எனக்கு மனசு கஷ்டமாகப் போய்விட்டது சார். யாரோ முகம் தெரியாத டீச்சரிடம் சொல்கிறாள், சொந்தத் தம்பியிடம் மறைக்கிறாள்.

மறுநாள் முதலாளியிடம் இரண்டு பெயர்களையும் கொடுத்தேன். அக்காவுக்கு வேலை போயிற்று. வாசலில் துரோகி என்று சாயத்தில் எழுதினார்கள். மச்சான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவர் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். பசை அண்ணனைப் பஸ் நிறுத்தத்தில் சூழ்ந்துகொண்டு அடித்தார்கள். அடித்தவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை, நாங்கள் எழுதியதைப் படித்தவர்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே அவர் உயிர் போய்விட்டது. சாகும் அளவுக்கு அடிக்கச் சொல்லி நான் எழுதவே இல்லை.

செய்தி கேட்டு அக்கா டீச்சரிடம் கதறினாள். உடனே ஆறுதல் சொல்லப் போனை எடுத்தேன். அந்த அவசரத்தில்தான் தப்பு நடந்தது. “அழாதீங்கம்மா. பசை அண்ணன் செத்ததுக்கு நீங்க காரணமில்ல. வெந்நீர் வச்சுக் குடிச்சிட்டு கொஞ்ச நேரம் படுங்க” என்று தட்டி அனுப்பினேன். கையில் இருந்தது ராணுவ வீரரின் போன். விழுந்தது எல்லாரும் பார்க்கும் பொது இடத்தில். ராணுவ வீரர் எதை எழுதினாலும் படிக்காமல் மேலே தூக்க வேண்டும் என்பது அலுவலக விதி. பயல்கள் கடமை தவறாதவர்கள். நான் அழிக்க ஓடுவதற்குள் தளத்தின் உச்சியில் ஏற்றிவிட்டார்கள். கொலையை விசாரித்தபோது அக்கா உங்களிடம் சொன்ன, அவள் மட்டுமே வைத்திருந்த செல்லப்பெயர் இந்த ராணுவக்காரருக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் வந்து கதவைத் தட்டினீர்கள். கெட்டிக்காரர்தான்.

அக்காவுக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை. “திட்டின மனுஷனே எனக்காக எரக்கப்பட்டாரு டீச்சர், இனி நான் உசுரோட இருந்துடுவேன்” என்று எழுதினாள். அதுவரை அவளுக்கு வேறு எண்ணம் இருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

நீங்கள் கேட்ட எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன் சார். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். நேற்று நீங்கள் காட்டிய டீச்சர் போனில் அக்கா எழுதியிருந்ததைப் பார்த்தேன். “என் தம்பியைப் பிடிச்சிட்டுப் போயிட்டாங்க டீச்சர். அவன் ஒரு பாவமும் அறியாதவன். எனக்குப் பயமா இருக்கு, ஏதாச்சும் பேசுங்க” என்று. அதற்கு இன்னும் பதில் போகவில்லை. அந்தப் போனை ஒரு ஐந்து நிமிஷம் கொடுங்கள் சார், நீங்கள் பக்கத்திலேயே நின்று பாருங்கள். பாவம், ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல அவளுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்.