செங்கம் ரோட்டில் உடைத்த பூசணிக்காய்

போன வருஷம் ஆயுத பூசைக்கு மறுநாள் விடியற்காலையில், செங்கம் ரோட்டில், நான் வேட்டியில்லாமல் நின்றேன். அதை நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் முன்வரிசையில் இருக்கும் தங்கம்மாள் அக்கா சொல்லிவிடுவார்!

இனி முறைப்படி தொடங்குகிறேன். பஸ்ஸுக்கு முதலாளியாகவும் இம்மேடைக்குத் தலைவராகவும் வீற்றிருக்கும் அண்ணன் ராஜமாணிக்கம் அவர்களே! அடி அண்ணாமலையின் அருமைப் பெரியோர்களே! பூவும் பொட்டுமாக வந்து பந்தலைப் பொலிய வைத்த தாய்மார்களே! பின்னால் நின்று பீடியை மறைக்கும் டிரைவர், கண்டக்டர் தோழர்களே! வணக்கம்.

சிரிக்காதீர்கள். இன்றைக்கு வேட்டிக்கு மேல் பெல்ட் போட்டிருக்கிறேன்.

அன்று முதல் பஸ். ஓட்டியவர் நம் ஆதிமூலம். இன்ஜின் பெட்டிக்குப் பக்கத்து சீட்டில் நான். என் பின்னால் கத்தரிக்காய்க் கூடையோடு தங்கம்மாள். காப்புக்காட்டு வளைவில், நடு ரோட்டில், ஒரு புள்ளிமான்; அதை ஒட்டி ஒரு குட்டி. ஆதிமூலம் என்ன செய்தார்? ஏற்றிவிட்டுப் போனாரா? ஹாரன் அடித்து மிரட்டினாரா? இல்லை! பிரேக்கின் மேல் ஏறி நின்றார்! பஸ் சறுக்கிப் புளிய மரத்தில் முட்டியது. முன்கண்ணாடி நொறுங்கியது. "அண்ணாமலையாரே!" என்று அலறிக் குதித்தேன். நான் கீழே வந்துவிட்டேன். வேட்டி கதவுக் கொக்கியிலேயே தங்கிவிட்டது.

"பஸ்ஸுக்குப் பயப்படாத மானு, உங்களப் பாத்து ஓடிப்போச்சுங்க" என்றார் தங்கம்மாள்.

அடிபடாமல் ஓடியது மான். அடிபட்டது ஆதிமூலத்தின் பிழைப்பு. நிறைமாதத்தில் மனைவி ரேணுகாம்பாள் வீட்டில். ஷெட்டில் முதலாளி.

"மானுக்காக பஸ்ஸ மரத்துல வுட்டவனுக்கு இங்க வேலை இல்ல!"

"கண்ணாடிய மாத்திக்கலாம் முதலாளி. அந்தக் குட்டிக்குத் தாய மாத்த முடியுமாங்க?"

"அப்ப நீ போயி மானுக்கே டிரைவரா இரு!"

தலைவர் சிரிக்கிறார். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

அன்று சாயந்திரம் வேங்கிக்காலில் முதலாளி வீட்டு வாசலில் தங்கம்மாள் கூடையை இறக்கினார். உள்ளேயிருந்து எடுத்தது கத்தரிக்காய் அல்ல. குங்குமம் பூசிய பூசணித் துண்டு.

"என்னம்மா இது?"

"மான் தின்ன மீதிங்க. பஸ்ஸுக்கு விபத்து வரக்கூடாதுனு சுத்திப் போட்டு, நேத்து அந்த வளைவுல நீங்க உடைச்சதுங்க. நீங்களே இலை போட்டுட்டு, சாப்பிட வந்தவங்கள இடிக்காத டிரைவர நிறுத்தறீங்களே, நியாயமாங்க?"

மறுநாளே பஸ் சாவி ஆதிமூலத்தின் கைக்கு வந்தது!

தோழர்களே! மான் நம்மிடம் பர்மிட் கேட்டதா? காட்டை வகுந்து ரோடு போட்டோமே, அதனிடம் நாம் அனுமதி கேட்டோமா? அதனால்தான் நம் டிரைவர், கண்டக்டர் சங்கம் முடிவெடுத்தது. பூசணியை ஷெட்டுக்குள் உடைப்போம், உடைத்ததை அள்ளுவோம். காட்டு வளைவில் வேகத்தைக் குறைப்போம். ஒரு மான் தாண்டினால் பின்னால் இன்னொன்று வரும் என்று பொறுப்போம். இந்த ஒரு வருஷத்தில் அந்த வளைவில் ஒரு மான், ஒரே ஒரு மான், நம் வண்டியில் அடிபட்டதா? இல்லை! வேலூரில் கேட்டாலும் சொல்வேன், விழுப்புரத்தில் கேட்டாலும் சொல்வேன்: நான் திருவண்ணாமலைக்காரன், மானுக்கு வழிவிட்ட மண்ணின் மைந்தன்!

என்னய்யா? "ஆதிமூலம் எங்கே"ன்னா? வருவார், பொறுங்கள். மானைக் காத்ததற்கு அவருக்குப் பொன்னாடை காத்திருக்கிறது.

மைக் கொடுத்த சங்கத்துக்கும், இன்று வாய் திறக்காமல் என் மானத்தைப் பாதி காப்பாற்றிய தங்கம்மாள் அக்காவுக்கும், இவ்வளவு நேரம் காது கொடுத்த உங்களுக்கும் நன்றி. நான்கு காலோ, நான்கு சக்கரமோ, இன்றிரவு எல்லோரும் முழுசாக வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்.

ஆங்... ஒன்று மட்டும். தலைவர் இன்று புதுக் காரில் வந்திருக்கிறார். பந்தலுக்கு எதிரே, நடு ரோட்டில், பூசணிக்காய் உடைத்துவிட்டுத்தான் மேடை ஏறினார். இருட்டி மான் இறங்குவதற்குள் அள்ளிவிட வேண்டும் என்று, ஆதிமூலம் துடைப்பத்தோடு அங்கேதான் இருக்கிறார்.