சுதனின் பேருக்கு நேரே நான் வைக்காத கையெழுத்து

நான் அஞ்சாம் வகுப்பு மட்டும் படிச்சவள். எழுத்து கோணலாய்த்தான் வரும். சில விசயம் மறந்தும் போச்சு. முன்பின் மாறிக் கிடந்தால் குறை நினைக்க வேண்டாம். ஆக்களுக்கு முன்னால் எழும்பிப் பேச எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

ஷெல் வருகிறது. முதலில் தூரத்தில் ஒரு "டும்". பிறகு கூவல். கூவல் நின்றால் படுக்க வேண்டும். ஊரில் கடைசிச் சண்டை நடந்த வருசம், மாசி மாதம். செவ்வாய்க்கிழமை. காலை பத்தரை இருக்கும். நான் கைவண்டிலின் தடியைப் பிடித்து இழுக்கிறேன். இவர், என் புருசன், மீன்பெட்டி ஏற்றித் திரிந்த வண்டில். இப்போது அதில் அரிசி உரப்பை, தறப்பாள், சட்டி. அதற்கு மேலே என் கடைக்குட்டி கீர்த்தி. எட்டு வயது. மூத்தவன் சுதனும் அவனுக்கு இளையவள் வதனியும் பின்னால் தள்ளுகிறார்கள். இவர் இல்லை. மூன்று நாளைக்கு முந்தி இவரை நாங்கள் பதுங்கியிருந்த பங்கருக்குள்ளேயே வைத்து மண்ணால் மூடிவிட்டு வந்தோம்.

"படுங்கோ! அம்மா, படுங்கோ!" சுதன் கத்துகிறான்.

படுத்தேன். எழும்பினேன். கீர்த்தி எழும்பவில்லை. கழுத்தில் ஒரு சின்னத் துண்டு. நகமளவு. ஒரு சத்தமும் போடவில்லை பிள்ளை. ரோட்டோரம் வடலிப் பனைக்குப் பக்கத்தில் சட்டியால் கிடங்கு தோண்டினோம். முழங்கால் ஆழம்தான். அதற்குள் அடுத்த "டும்". ஓடினோம்.

வைகாசியில் கடலேரித் தண்ணியைக் கடந்தோம். எனக்குக் கழுத்தளவு. அந்தக் கரையில் ஆமிக்காரர் துவக்குகளோடு நின்றார்கள். "ஆம்பிளையள் ஒரு பக்கம்! பொம்பிளையள் ஒரு பக்கம்!" சுதனுக்கு இருபது வயது. ஒரு கொப்பியில் பேரைப் பதிந்தார்கள். விசாரிச்சுப்போட்டு விடுவம் என்றார்கள். பஸ்ஸில் ஏற்றினார்கள். யன்னலோரம் இருந்தான். என்னைப் பார்த்துக் கையைக் காட்டினான். போய் நிழலில் இருங்கோ என்கிற மாதிரி. உயிரோடு இருந்தான். நான் கண்ணால் கண்டேன்.

இப்போது நான் டெக்சாஸில், காப்பெலில், வதனி வீட்டில் இருக்கிறேன். வதனி மோர்மன் சபையில் சேர்ந்துவிட்டாள். நானும் கூடப் போய்க் கடைசி வாங்கில் இருப்பேன். நல்ல சனம். எனக்குக் காய்ச்சல் என்றால் வீடு தேடி சூப் கொண்டு வருவார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஜூலையில் அவர்களுக்குக் கைவண்டில் நடை உண்டு. அவர்களின் ஆதிச் சனம் நூற்றெழுபது வருசத்துக்கு முந்தி அடிபட்டுத் துரத்தப்பட்டு, கைவண்டில் இழுத்து மேற்கே நடந்ததாம். அதே மாதிரி நடப்பார்கள். நீளப் பாவாடை. துணித் தொப்பி. அப்போது நடந்த ஒருவரின் பேரை அட்டையில் எழுதிக் கழுத்தில் போட்டு விடுவார்கள். எனக்கு ஹன்னா. கடல் கடந்து வந்தவள். புருசன் வழியில் செத்தான். தனியே இழுத்தாள். கைக்குழந்தை பனியில் போனது. மண் இறுகிக் கிடந்ததால் கிடங்கு வெட்ட ஏலாமல் கல் அடுக்கி மூடினாள். வதனி தமிழில் சொல்லச் சொல்ல நான் தலையை ஆட்டினேன். ஹன்னாவோடு எனக்குக் கோபம் இல்லை. அவளுக்கு நான் ஒன்றும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

மேடு வந்தது. ஒருவர் ஒலிபெருக்கியில் கத்தினார். "மென், திஸ் சைட்!"

அது அவர்கள் வழக்கம். ஆண்கள் தொப்பியைக் கழற்றி ஓரமாய் நிற்பார்கள். பெண்கள் தனியே மேட்டில் இழுப்பார்கள். எனக்கு ஒருத்தரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. மருமகன் விலகி நடக்கிறார். நான் பாய்ந்து சட்டையைப் பிடித்தேன். "போகாதே! பேர் குடாதே! பஸ்ஸில ஏறாதே!" பொத்தான் தெறித்தது.

மருமகன் சென்னைப் பிள்ளை. "அத்தை, நான்தான். எங்கயும் போகல. இங்கயேதான் இருக்கேன்" என்றார்.

பக்கத்தில் நின்ற தமிழ்ப் பொண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்கிறாள், "சூப்பர் ஆன்ட்டி, ரொம்ப ரியலா பண்ணீங்க."

பண்ணினேனாம். பிறகு எல்லாருக்கும் ஐஸ்கிரீம் தந்தார்கள். எனக்கும் தந்தார்கள். நான் அதைப் புல்லில் எறிந்தேன்.

அடுத்த நாள் ஞாயிறு. சாப்பிட்ட கையோடு வதனி ஒரு தாளைக் கொண்டுவந்து வைத்தாள். செத்தவர்களுக்காக உயிரோடு இருப்பவர் தண்ணியில் இறங்கி ஞானஸ்நானம் எடுக்கலாமாம். அதற்குக் கிட்டின சொந்தம் சம்மதிக்க வேணுமாம். மூன்று பேர் எழுதியிருந்தாள். தகப்பன். கீர்த்தி. சுதன். சுதனுக்கு இறந்த நாள் என்று பஸ் போன நாளைப் போட்டிருந்தாள்.

"இது ஆர் சொன்னது?"

"அம்மா, அண்ணா எங்கயாவது இருந்தா ஒரு போன் எடுக்க மாட்டானா?"

"எந்த நம்பருக்கடி எடுப்பான்? அவன் போகேக்க எங்களிட்ட ஒரு வாளி கூட இல்லை. போன் இருந்ததா?"

"இத்தனை வருசம் அம்மா. எனக்கு ஏலாது. எங்கயாவது ஒரு இடத்தில அவனை வைக்க வேணும்."

அழுதாள். அவளும் வண்டிலைத் தள்ளினவள்தான். அது எனக்குத் தெரியாததா? ஆனாலும் விடவில்லை. ஏற்றிக்கொண்டு போனவன் சொல்லட்டும் செத்தான் என்று. எங்கே, எப்போது, எப்படி என்று அவன் வாயால் சொல்லட்டும். அவன் சொல்ல வேண்டியதை என் பிள்ளை எழுதித் தருவதா? நான் கையெழுத்து வைப்பதா? ஏற்றினவனுக்கு அதைவிட வேறென்ன வேணும்?

இவருக்கு வைத்தேன். இவர் காவடி எடுத்த மனுசன். மேலே இருந்து என்னை ஏசுவார். ஏசட்டும். வதனி தகப்பனுக்குச் செய்ய ஆசைப்படுகிறாள். கீர்த்திக்கும் வைத்தேன். சுதனின் பேரைப் பேனையால் வெட்டினேன். தாள் கிழிந்தது.

போனது இவ்வளவு. கடற்கரை வீடு ஒன்று. கைவண்டில் ஒன்று. படம் ஒன்றும் மிஞ்சவில்லை. செத்தவர் இரண்டு பேர், இவரும் கீர்த்தியும். இரண்டு பேர்தான். ஏற்றிக்கொண்டு போகப்பட்டவர் ஒருவர்.

ஆராவது இதைச் சரிபார்த்துத் தர வேண்டும். கீர்த்தி போனது செவ்வாயா, புதனா என்று சில நேரம் குழம்புகிறது. பஸ் பச்சை நிறம் என்று நினைக்கிறேன். வதனி நீலம் என்கிறாள். அந்தப் பஸ்ஸைக் கண்டவர்கள், அதில் இருந்து இறங்கினவர்கள் ஆராவது இருந்தால், என்ன நிறம் என்று சொல்லுங்கோ. எங்கே போய் நின்றது என்றும் சொல்லுங்கோ.