இப்போது எடுத்த ரத்தம்

அம்மாவின் ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுக்க வேலூர் ஆஸ்பத்திரியில் காத்திருந்தேன். பக்கத்து பெஞ்சில் ஆம்பூர் தோல் டேனரியில் வேலை செய்யும் இரண்டு பேர். ஒருவர் உள்ளே ஆபரேஷன் ஆகியிருந்த ஒரு கைக்குழந்தையின் அப்பா, இன்னொருவர் அவருடைய தோஸ்த் கரீம்.

“ரத்தம் உறையக் கூடாதுன்னு அவங்களேதான் மருந்து போட்டாங்க. இப்ப உறைய மாட்டேங்குதுன்றாங்க” என்றார் அப்பா.

“இன்னாப்பா சொல்ற?”

“இதயத்துல ஆபரேஷன் பண்றப்ப மெஷின்தான் கொழந்தைக்கு ரத்தத்த ஓட்டுது. ட்யூப்ல கட்டிக்கக் கூடாதுன்னு அந்த மருந்து. மெஷின் ரொம்ப நேரம் ஓடிடுச்சாம். மாத்து மருந்து குடுத்தும் தையல்ல கசிஞ்சிட்டே இருக்குது. எடுத்து வச்ச ரத்தம் உதவாதாம், இப்ப எடுத்த ரத்தம்தான் வேணுமாம்.”

நர்ஸ் வந்து, ரத்தம் கொடுக்க வந்திருந்த கரீமிடம், “சாப்ட்டீங்களா?” என்றார்.

“அவன் நோன்பு சிஸ்டர்” என்றார் அப்பா.

“வெறும் வயித்துல எடுக்க மாட்டோம்.”

கரீம் எழுந்தார். “நோன்ப அப்பறம் வச்சிக்கலாம். டீக்கடைக்குப் போய்ட்டு வர்றேன்.”

ரத்தம் கொடுத்துவிட்டு முழங்கையில் பஞ்சை அழுத்தியபடி வந்து உட்கார்ந்தார்.

“உனக்கு நின்னுடுச்சா?”

கரீம் பஞ்சை எடுத்துக் காட்டினார். “எப்பவோ நின்னுடுச்சி.”

அப்பா அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெகுநேரம் கழித்து நர்ஸ் மறுபடி வந்தார். “கசியறது கம்மியாயிடுச்சு. வந்து பாருங்க.”

அப்பா எழுந்து கரீம் பக்கம் திரும்பினார். “நீயும் வாயேன்.”

கரீம் அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்.