பூட்டிய தொட்டி

நான் தேநீர் குடிப்பதில்லை, ஐயா. வாயில் உறிஞ்சி, மணத்தைப் பிடித்துக்கொண்டு துப்பிவிடுவேன். ஹாலிஎலவுக்கு மேலே எங்கள் தொழிற்சாலையில் தேயிலைத் தயாரிப்பைப் பதம் பார்க்கும் டீமேக்கராக இருப்பவனுக்கு நாக்கும் மூக்கும்தான் பிழைப்பு. தயாபரன் என்று கேட்டுப் பாருங்கள், யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

கொழுந்தை உருட்டும் ரோலர் அறை வறண்டுவிடக் கூடாது. அதனால் ஒரு இயந்திரம் தொட்டித் தண்ணீரைப் புகைபோலத் தூவிக்கொண்டே இருக்கும். ஒரு வருடம் ஆயுத பூஜைக்கு எல்லா இயந்திரங்களையும் கழுவிய கையோடு, அந்த அறையில் வேலை செய்த ஜீவராணி தொட்டியையும் தேய்த்துக் கழுவிப் பொட்டு வைத்தாள். உள்ளே வழவழவென்று படிந்திருந்த பாசி போயிற்று. அந்த வாரமே தேயிலையின் மணமும் போயிற்று. எங்கள் ஊவா மலைத் தேயிலைக்கு மணம் கொடுப்பது ஆடி ஆவணியில் வீசும் வறண்ட கச்சான் காற்று, பூஜை வரும்போது அது ஓய்ந்து மழை பிடித்துவிடும். அது எனக்கும் தெரியும். ஆனாலும் பாசியை இனி யாரும் கழுவிவிடக் கூடாதென்று தொட்டியின் மூடிக்குப் பூட்டுப் போட்டேன். அடுத்தடுத்த பூஜைகளில் சந்தனத்தை வெளியே மட்டும் பூசச் சொன்னேன்.

பிறகு திங்கட்கிழமைக் காய்ச்சல் வந்தது. ஞாயிறு விடுமுறையில் லயத்து வீடுகளில் நன்றாக இருந்தவர்கள் திங்கள் மாலை இருமி நடுங்கினார்கள். ஆண்களுக்குக் குடி என்றேன், பெண்களுக்குக் கோயில் அலைச்சல் என்றேன். ஜீவராணி மட்டும் விடவில்லை.

"வீட்ல இருந்தா மூச்சு நல்லா வருதுங்க ஐயா. இங்க வந்தாத்தான் அடைக்குது."

"அப்ப மேடு ஏறி வர்றதுதான் காரணம்" என்றேன்.

பதுளை டாக்டர் அவளிடமே சொல்லியனுப்பினார். தண்ணீரில் வளரும் கிருமி அந்தத் தூவலோடு நெஞ்சுக்குள் போகிறதாம், தொட்டியைக் கழுவி அவளை வேறு வேலைக்கு மாற்ற வேண்டுமாம். படித்தவர் பேச்சை நான் மதிப்பவன். அன்றிலிருந்து ரோலர் அறைக்குள் நான் கால் வைக்கவில்லை, கண்ணாடிக்கு வெளியே நின்றே மேற்பார்வை பார்த்தேன். என் மூக்குக் கெட்டால் தோட்டத்தின் பேரும் கெடுமே. அவளை மாற்றினால் மற்றவர்களும் கேட்பார்கள் என்பதால் மாற்றவில்லை.

போன ஆடியில் அவள் மூச்சு முட்டிச் செத்தாள். இழவுக்கு மாலையோடு போனேன், உண்மையாகவே அழுதேன். மறுநாள் பூட்டைத் திறந்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு நானே தொட்டியைக் கழுவினேன். வெளியே கச்சான் வீசிக்கொண்டிருந்தது. தேயிலையில் மணம் துளியும் குறையவில்லை.

பூட்டியது நான். தெரிந்தும் திறக்காதது நான். வாக்குமூலத்தில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். இதையும் சேர்த்து எழுதுங்கள், ஐயா: தேயிலையின் மணத்தையே மாற்றாத தண்ணீர், ஒரு பெண்ணின் நெஞ்சை என்ன செய்திருக்கும்?