வண்டி பூட்டிய பிறகு நடந்த கதை

அறுபதுகளில் ஒரு நாள், அன்னூர் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“சின்னதுல நான் ஒரு சினிமாவும் முடிவு பாத்ததில்லீங்கக்கா,” என்றாள் இளையவள்.

“அதென்ன அம்மணி?”

“படம் உட்டா கொட்டாயி வாசல்ல வண்டிக நெருக்குமுன்னு, எங்கப்பா படம் முடியறக்கு முன்னாலயே எங்களக் கூட்டியாந்து வண்டில மாட்டப் பூட்டிப்போடுவாருங்க. ஒரு படத்துல, ரயில்ல தொலஞ்ச புள்ள அம்மாளத் தேடிக்கிட்டே போச்சு. கடைசீல பாத்துச்சா இல்லியான்னு இன்னும் நெனச்சுக்குவனுங்க.”

“பாக்காமயா? எந்தச் சினிமாக்காரன் சேக்காம உட்டான்?”

“என்னய உட்டுப்போட்டுப் போன எங்கம்மா வரவே இல்லீங்களே.”



அந்தப் படத்தை நான் முழுதாகப் பார்த்திருந்தேன். பிள்ளை தாயிடம் சேர்ந்துவிடும். அறியாத பெண்ணிடம் பேசக் கூச்சப்பட்டு, அதைக்கூடச் சொல்லாமல் இறங்கிவிட்டேன்.