நான் எழுதாமல் விட்ட விளையாட்டு

அவைத்தலைவர் அவர்களே, மேடையிலிருக்கும் தமிழ்ப் பாடசாலை நிர்வாகத்தினரே, முன்வரிசையில் துயரத்தோடு அமர்ந்திருக்கும் சந்திரவதனாவின் மகள் ஜதுர்ஷிகா, சகோதரர் செல்வரத்தினம் அண்ணை, லண்டனின் மிச்சம், மோர்டன் பகுதிகளிலிருந்து மழையிலும் வந்திருக்கும் உறவுகளே! எல்லோருக்கும் வணக்கம்.

திருமதி சந்திரவதனா நம்மைப் பிரிந்து இன்று பன்னிரண்டு நாள். வயது ஐம்பத்தெட்டு. பத்தொன்பது ஆண்டுகள் பேருந்து ஓட்டியதை எனக்கு முன் பேசியவர்கள் சொன்னார்கள். சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த அழகைச் சொன்னார்கள். ஒன்றை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. ஏன்? அதைச் சொல்லாமல் விடும் பழக்கத்தைத் தொடங்கிவைத்தவன் நான்.

சந்திரவதனா கைத்துப்பாக்கி சுடும் போட்டியாளர்!

உண்மைத் துப்பாக்கிக்கு இந்நாட்டில் இடமில்லை. அவரது கழகத்தின் துப்பாக்கிகள் காற்றழுத்தத்தில் சிறு பிளாஸ்ரிக் மணிகளைச் சுடுபவை. ஏழு ஆண்டுகளுக்கு முன் குரோய்டனில் ஒரு தேவாலய மண்டபத்தில் பார்த்தேன். பலகையால் வீடு போல அறைகள். அவற்றுக்குள் ஆள் உயர அட்டைகள். சில, தாக்க வருபவர்கள். சில, கை விரித்து நிற்கும் அப்பாவிகள். ஒலி எழுந்ததும் நேரம் ஓடும். தாக்க வருபவரைச் சுட வேண்டும், அப்பாவியில் படக்கூடாது.

“இந்த வயசில உமக்கேன் தங்கச்சி துவக்கு?” என்று கேட்டேன்.

“பஸ் ஓடேக்க என்ன வேலை அண்ணை? ஒருத்தரையும் இடியாமப் போறதுதானே. இதுவும் அதுதான். பஸ்ஸில ஒருத்தரும் கைதட்ட மாட்டினம், இஞ்ச தட்டுவினம்.”

அன்று அவர் எடுத்தது பத்தொன்பது விநாடி. முகுந்த் என்ற இளைஞர் பன்னிரண்டில் முடித்தார், ஆனால் ஓர் அப்பாவி அட்டையைத் துளைத்துவிட்டார். தண்டனை ஐந்து விநாடி. பதினேழு. அப்படியும் வெற்றி முகுந்துக்கே!

“அப்பாவியைச் சுட்டும் வெண்டிட்டானே!” என்றேன்.

“சட்டம் எழுதினவை பஸ் ஓடேல்லைப் போல” என்று சிரித்தார்.

அதே ஆண்டு பெல்ஜியத்தில் பெண்கள் பிரிவில் மூன்றாமிடம் பெற்றார். எங்கள் பத்திரிகையில் செய்தி எழுதினேன். ‘விளையாட்டுப் போட்டியில் மூன்றாமிடம்’ என்று மட்டும். என்ன விளையாட்டு? எழுதவில்லை. மறுநாளே தொலைபேசியில் கேட்டார்.

“வெக்கமோ அண்ணை?”

“சனம் என்ன கதைக்குமோ தெரியாது. உமக்காகத்தான் விட்டனான்.”

“எனக்காகவோ, உங்களுக்காகவோ?”



பிறகு யாரோ ஒருவர் தொலைபேசியில் எடுத்த அவரது போட்டிப் படம் சுற்றியது. கடை வரிசையில் என் காதுபடவே ஒருவர் சொன்னார்: “பேப்பர்காரனே ஒளிச்சிருக்கிறான் எண்டா என்னமோ இருக்கு. உவ முந்தி இயக்கத்தில இருந்து சண்டை பிடிச்சவவோ?” துப்பாக்கி சந்தேகத்தைக் கொண்டுவந்தது. அதை நம்பவைத்தது என் மறைப்பு! இரண்டு பெற்றோர் பிள்ளைகளை அவரது வகுப்பிலிருந்து நிறுத்தினார்கள். நிர்வாகம், “ரீச்சர், ஒரு தவணை, மூண்டு மாசம், ஓய்வெடுங்கோ” என்றது. அந்த ஒரு தவணை இன்றுவரை முடியவில்லை. நிர்வாகத்தினரே, இந்தக் குற்றத்தில் உங்களுக்கு முன்னால் நிற்க வேண்டியவன் நான்.

இப்போது முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு அவரது வாழ்க்கைக் குறிப்பை நானே எழுதுகிறேன். நேற்று செல்வரத்தினம் அண்ணை சொன்னார்: “கலியாணம் பேசுற பிள்ளை இருக்கு. அந்தத் துவக்குக் கதையை விடுங்கோ.” ஒரு தாய்மாமனின் பயம் அது. தவறென்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஜதுர்ஷிகா சொன்னார்: “மாமா, அம்மா ஒருநாளும் ஒளிச்சு விளையாடேல்லை.” அண்ணை, அப்போது நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். இதுதான் என் பதில்.

வரும் ஞாயிறு கழகத்துக்குப் போகிறேன். இந்தக் கை துப்பாக்கி பிடிக்காது. துளைபட்ட அட்டைகளில் ஓட்டையை மூட ஒட்டுநாடா ஒட்டும். அவர் செய்துவந்த வேலை அது. நினைவு மலரிலும் எங்கள் அடுத்த இதழின் முதல் பக்கத்திலும் கீழ்வரும் வரி வரும். எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன், வாசிக்கிறேன்:

“திருத்தம். ஏழு ஆண்டுகளுக்கு முன் வெளியான செய்தியில், திருமதி சந்திரவதனா மூன்றாமிடம் பெற்றது எந்த விளையாட்டில் என்பது விடுபட்டது. அது தற்காப்புக் கைத்துப்பாக்கிப் போட்டி. விட்டது அவரல்ல, செய்தியாளர்.”