அண்ணன் பேரில் மாட்டிய ஃபோல்டர்

ஹலோ... ஹலோ, அண்ணா? நான்தான்... ஆமா, ஆஸ்பத்திரியிலருந்துதான். லீவு நாள்ல கூப்பிடுறேன், கோச்சுக்காதீங்க... தெரியும்ணா, இன்னிக்கு வீடு மாத்துறீங்க. லாரிலயா இருக்கீங்க?... ஒரு கையில போனு, ஒரு கையில பீரோவா? பீரோவ விட்டுடாதீங்க, அண்ணி என்னைத்தான் திட்டுவாங்க...

இல்லண்ணா, நாளைக்கு வந்து பாக்குற விஷயம் இல்ல. ஷேர் ஃபோல்டர் திறக்கல... ஆபரேஷன் தியேட்டர் கம்ப்யூட்டர்ல. ஸ்கேன் படம் ஒண்ணுகூட வர மாட்டேங்குது. ஆளு டேபிள்ல படுத்திருக்காருண்ணா. மயக்க ஊசியும் போட்டாச்சு... கூரை போடுற மேஸ்திரி. மேலருந்து விழுந்து முதுகெலும்புல அடி. எலும்பு டாக்டர் கையக் கழுவிட்டு, ரெண்டு கையையும் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. படத்தப் பாக்காம கத்தி வைக்க மாட்டேங்கிறாரு... ஆமா... ஆமா, எந்த எலும்புன்னு திரையில பாத்துப் பாத்துத்தான் பண்ணணுமாம்.

தியேட்டர ஒட்டுன கண்ணாடி ரூம்லதான் இருக்கேன், அந்தக் கம்ப்யூட்டர் முன்னாடிதான்... ஊசி போடுற வரைக்கும் நல்லாத்தான் திறந்துச்சு. நானே பாத்தேன். அப்புறம் கரன்ட் ஒரு தடவ போய் வந்துச்சு. இது ஒண்ணுதானே பேட்டரியில இல்லாம இருக்கு, அணைஞ்சு திரும்ப வந்துச்சு. அப்பலருந்து ஃபோல்டர் மேல சிவப்புப் பெருக்கல் குறி. நான்தான் ஏதாவது அழுத்திட்டேனோன்னு... இல்ல, எதையும் தொடல. தொடலன்னுதான் நினைக்கிறேன்.

ஸ்கேன் ரூம்லயா? அங்க திறக்குதாம். அதுதான் எனக்குப் புரியல... பென்டிரைவா? எல்லாக் கம்ப்யூட்டர்லயும் அந்த ஓட்டைய நீங்கதானேண்ணா அடைச்சு வச்சீங்க, வைரஸ் வருதுன்னு. பிலிம் போடுறதையும் நிறுத்தியாச்சு... சரி, சிரிக்கிற நேரமா இது?... டெக்னீஷியன்கிட்ட ஸ்கேன் ரூம் கம்ப்யூட்டரையும் ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லியிருக்கேன், ரெண்டும் ஒரே நிலைமைக்கு வந்தா ஒப்பிட்டுப் பாக்க... என்னது, அணைச்சா அதுவும் திறக்காதா?... ஐயையோ. சிஸ்டர்! சிஸ்டர், ஸ்கேன் ரூம்ல எதையும் அணைக்க வேணாம்னு சொல்லுங்க! ஓடுங்க, ப்ளீஸ்!... சொல்லிட்டேன்ணா. ஓடுறாங்க... தப்புதான். கேட்டுட்டுச் செஞ்சிருக்கணும்... கத்தாதீங்கண்ணா.

சரி. ஒண்ணொண்ணா போவோம். கேபிள் பாத்தாச்சு, பச்சை விளக்கு எரியுது. கட்டளை அடிக்கிற கருப்புத் திரையில, படமெல்லாம் இருக்கிற சர்வரக் கூப்பிட்டுப் பாத்தேன், பதில் வருது... ம்ம். பேரச் சொல்லிக் கூப்பிட்டாலும் வருது, நம்பரச் சொன்னாலும் வருது. தேதி, மணி ரெண்டு பக்கமும் சரியாத்தான் ஓடுது... ஆமாண்ணா, கம்ப்யூட்டர் வகுப்புல சொல்லிக் குடுத்த வரிசைதான். இன்னிக்கு வகுப்பும் போச்சு, அத விடுங்க. வரிசையில அடுத்தது என்னன்னுதான் தெரியல, அதான் உங்களக் கூப்பிட்டேன்.

சிஸ்டர் வந்துட்டாங்க. என்ன சிஸ்டர்?... நிறுத்திட்டீங்களா? அப்பாடா. அண்ணா, அது அணையல.

இதுல 'இணைக்க முடியவில்லை'ன்னு மட்டும்தான் வருது, காரணம் சொல்ல மாட்டேங்குது. கிணத்துல போட்ட கல்லு மாதிரி கிடக்கு... கருப்புத் திரையிலயே ஃபோல்டர மாட்டிப் பாக்கவா? சரி, சொல்லுங்க. டைப் பண்றேன்... ம்... ம்... சாய்ஞ்ச கோடு ரெண்டு... சர்வர் பேரு... ஃபோல்டர் பேரு... அழுத்திட்டேன்.

வந்துடுச்சுண்ணா, இப்ப முழுசா சொல்லுது. இருங்க, படிச்சுச் சொல்றேன். 'இந்தப் பயனர் கணக்கு முடக்கப்பட்டிருக்கு. உங்க நிர்வாகியப் பாருங்க'ன்னு... சிரிக்காதீங்கண்ணா. ஆமா, நிர்வாகி நீங்கதான். அதான் உங்களப் பாக்கிறேனே!... எந்தப் பயனரா? இருங்க, இந்தக் கம்ப்யூட்டர் யார் பேர்ல உள்ள போகுதுன்னு பாக்கிறேன்... உங்க பேர்ல. ஏண்ணா உங்க பேர்ல?... எல்லாக் கம்ப்யூட்டர்லயுமா?... 'அப்புறம் மாத்திக்கலாம்'னு அவசரத்துக்கு மாட்டுனது. சரி. அந்த அப்புறம் வரவேயில்லையாக்கும்.

அப்ப கரன்ட் போகாம இருந்திருந்தா இதுவும் பழைய தொடர்புலயே ஓடிட்டு இருந்திருக்கும். திரும்ப உள்ள போகும்போதுதான் நீ யாருன்னு கேக்குது... ஆமா, ஆமா, புரியுது. அதனாலதான் ஸ்கேன் ரூம்ல இன்னும் ஓடுது. நல்லவேளை சிஸ்டர் ஓடுனாங்க.

பாஸ்வேர்ட பல தடவ தப்பா போட்டுப் பூட்டிக்கிட்டதா இருக்குமா?... சரி, சர்வருக்குள்ள போய்ப் பாக்கிறேன். நீங்க எனக்குன்னு போட்டுக் குடுத்த வழியிலதான்... பயனர் பட்டியல்... இருங்க... டாக்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் போடுறாரு. ஒரு நிமிஷம் சார்! பாத்துட்டேதான் சார் இருக்கேன்!... அண்ணா, உங்க பேர் பக்கத்துல கீழ நோக்கி ஒரு அம்புக்குறி. பூட்டு இல்ல, முடக்கம். வேற யாருக்கும் இல்ல. உங்களுக்கு மட்டும்... நான் பண்ணலண்ணா. சத்தியமா... யாரு பண்ணாங்கன்னு பதிவுல இருக்கும், ஆமா. திறக்கிறேன்... இன்னிக்கு மத்தியானம். மேனேஜர் சார் கணக்குலருந்து.

அண்ணா?... ஹலோ? கேக்குதா?... லாரி சத்தத்துல விழல, திரும்பச் சொல்லுங்க... அவரு ஏன் முடக்குனாருன்னா?

இல்ல, எனக்குத் தெரியாது... அண்ணா, எனக்குத் தெரியாதுன்னா தெரியாது. ஆனா... இருங்க. மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் கூப்பிட்டாரு. 'ஒருத்தர் வேலையிலருந்து நின்னுட்டா கம்ப்யூட்டர்ல என்ன பண்ணணும், உன் வகுப்புல சொல்லிக் குடுத்தாங்களா?'ன்னு கேட்டாரு. கணக்க அழிக்கக் கூடாது சார், முடக்கி வைக்கணும்னு சொன்னேன். எங்க அழுத்தணும்னு கேட்டாரு. ஒரு வெத்துக் கணக்குல செஞ்சே காட்டுனேன். 'சபாஷ்'னாரு. நான் அந்த சபாஷ வாங்கிட்டு... சந்தோஷமா வெளிய வந்தேன்ணா. என் வாயாலயே...

உங்கள வேலையிலருந்து நிறுத்துறத உங்ககிட்ட சொல்லவேயில்லையா? ஒரு போன்கூடவா?... நேத்து லீவு குடுத்து அனுப்பும்போது 'புது வீடு பக்கத்துலயா, ரொம்ப நல்லது'ன்னு சொன்னாரே, நானும் கேட்டேனே. ஆஸ்பத்திரிக்கு நடந்தே வந்துடலாம்னு தானே அந்த வீட்டப் பிடிச்சீங்க... அண்ணிக்கு இப்ப சொல்லாதீங்க. சாமான் இறங்கட்டும்.

...என்ன? ஆமா, மேஸ்திரி இன்னும் டேபிள்லதான்... சரிண்ணா. சரி. முதல்ல அவரு. வாசல்ல அவரு சம்சாரம் அவரோட செருப்ப மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க... சொல்லுங்க.

உங்க கணக்க நான் திரும்பத் திறந்து விட்டுடவா? ஒரு சொடுக்குதான்... ஏன் வேணாம்?... என் வேலை போனாப் போகுது... சரி, கத்தாதீங்க, தொடல. என் பேர்ல மாட்டுறேன். எனக்குப் படிக்க மட்டும் உரிமை இருக்கு, அது போதும்தானே?... பேரு... பாஸ்வேர்டு... வரலண்ணா! இது வேற என்னமோ சொல்லுது. 'ஒரே சர்வருக்கு ரெண்டு பேர்ல தொடர்பு வைக்க முடியாது. முன்னாடி இருக்கிறத மொத்தமா எடுங்க'ன்னு... உங்க பேரையா? சேமிச்சு வச்ச பாஸ்வேர்டோட சேர்த்தா?

எப்படிண்ணா நானே... குருவி தலையில பனங்காய வைக்கிறீங்க... எனக்குக் கை வரல... ம்... ம்... தெரியுது, கம்ப்யூட்டர்ல இருக்கிற பேருதான், நீங்க இல்ல... எடுத்துட்டேன். கேக்குது, 'நிச்சயமா?'ன்னு... அதுவும் அழுத்திட்டேன்.

இப்ப மாட்டுறேன்... இருங்க... சுத்துது... இன்னும் சுத்துது...

வந்துடுச்சு! அண்ணா, வந்துடுச்சு! மேஸ்திரி படம்... திறக்குது. பெரிய திரைக்கு அனுப்பிட்டேன். சார், வந்துடுச்சு சார்! தெரியுதா?... டாக்டர் தலைய ஆட்டுறாரு. திரும்பிட்டாரு. விளக்கு போட்டாச்சு. ஆரம்பிச்சுட்டாங்கண்ணா.

...ம். இருக்கேன். ஸ்கேன் ரூமு, வார்டு, எல்லாத்தையும் ராத்திரிக்குள்ள மாத்திடணுமா? சரி. ஆளு பேர்ல வேணாம், வேலைக்குன்னு தனிக் கணக்கு... படிக்க மட்டும். சரி, குறிச்சுக்கிறேன். நீங்க ஏண்ணா இதெல்லாம் இன்னும் சொல்லிட்டு இருக்கீங்க? விட்டுட்டுப் போனா கம்ப்யூட்டரெல்லாம் படுத்துக் கிடக்கட்டுமே... ஆமா. மேஸ்திரி என்ன பண்ணுவாரு, சரிதான்.

ஒரு நிமிஷம்ணா. கதவத் திறந்துட்டு யாரோ... மேனேஜர் சார். வாங்க சார்... ஆமா சார், சரியாயிடுச்சு... ஆரம்பிச்சுட்டாங்க... இல்ல சார், 'சபாஷ்' எல்லாம் வேணாம். நான் பண்ணல... அண்ணன்தான் சார். லாரிலருந்து, பீரோவப் பிடிச்சுக்கிட்டே சொல்லிக் குடுத்தாரு... ஆமா சார், அவரேதான். கணக்கு முடக்கி இருக்கிறத நான்தான் படிச்சுக் காட்டுனேன். அப்படித்தான் அவருக்குத் தெரிஞ்சுது.

வேணாங்காதீங்கண்ணா. லைன்லயே இருங்க... பயமாத்தான் இருக்கு. இருக்கட்டும்.

சார், லைன்லதான் இருக்காரு. நீங்களே சொல்லிடுங்க... நாளைக்குக் கடிதம் போகும்ங்கிறது சரி சார், புது வீட்டு விலாசம் நம்மகிட்ட இல்லையே? போன்தான் இருக்கு. இந்தாங்க... 'ஹலோ'ன்னு மட்டும் சொல்லுங்க சார், மிச்சத்த அவரு கேட்டுக்குவாரு...

ஏன் சார் கட் பண்ணிட்டீங்க?

பரவால்ல சார், குடுங்க. நம்பர் எனக்கு மனப்பாடம்... ரிங் போகுது. பிடிங்க சார்.